நிமிர்ந்த இடம்

புத்தகத்துக்கு மார்க் போடுவதில் நான் கில்லாடி. படிப்பதில்தான் கொஞ்சம் சுணக்கம்.

மன்னார்புரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில், மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். பேராசிரியர் கிடையாது, விமர்சகர் கிடையாது, மைக் கிடையாது. அந்த மாதம் என்ன படித்தோம் என்று ஆளுக்கு அஞ்சு நிமிஷம் பேசி, அஞ்சுக்கு இத்தனை என்று மார்க் சொல்ல வேண்டும். அதையெல்லாம் பட்டியல் போட்டு வாட்ஸ்அப் குரூப்பில் ஏற்றுவது என் வேலை. அட்மின் என்று பேர். நாற்காலி துடைப்பதும் அட்மின்தான்.

கைலாசபுரத்தில் பாய்லர் தொழிற்சாலையில் இருந்த முப்பத்தோரு வருஷமும் எனக்கு வெல்டிங்கைச் சோதிக்கிற உத்தியோகம். எக்ஸ்ரே ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மயிரிழை விரிசல் தெரிந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தப் பாவத்தைக் கழுவிக்கொள்ளத்தானோ என்னவோ, ரிட்டயரான பிறகு எந்தப் புத்தகத்தையும் திருப்பி அனுப்பவில்லை. எல்லாவற்றுக்கும் நாலே முக்கால். முழு அஞ்சு போட்டால் சந்தேகம் வரும். கால் மார்க் குறைத்தால் படித்த மாதிரி இருக்கும். பின் அட்டை, முதல் நாலு பக்கம், நடுவில் விரல் விட்டு எடுத்த ஒரு பக்கம். இவ்வளவுதான் என் வாசிப்பு. இதை வைத்துக்கொண்டு இருபது நிமிஷம் பேசுவேன். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதும் உண்டு.

இப்படிப்பட்ட சபைக்குத்தான் அவர் வந்தார்.

நாற்பத்தைந்து வயது இருக்கும். கசங்காத காட்டன் புடவை, கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உள்பக்கமாகத் திருப்பிக் கட்டியிருப்பார். மாடிப்படிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் உட்காருவார். போனை மடியில் மல்லாக்க வைத்திருப்பார். பன்னிரண்டேகால் ஆனதும், பேசிக்கொண்டிருப்பது யாரானாலும் சரி, எழுந்து போய்விடுவார். ஒரு தடவை நான் பேச்சின் உச்சக்கட்டத்தில் இருந்தபோதே போய்விட்டார்.

முதல் நாள், "மார்க் சொல்லுங்க மேடம்" என்றேன்.

"மெயின்கார்டு கேட் சார்."

"அது பஸ் ஸ்டாப் மேடம். மார்க்?"

"அதுதான் சார் மார்க்."

கேட்டுத் தெரிந்துகொண்டோம். சென்ட்ரல் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஓர் ஆபீசில் தபால் பிரிவில் வேலை. சாயங்காலம் சென்ட்ரலில் ஒண்ணாம் நம்பர் பஸ் பிடித்து ஸ்ரீரங்கம் போகிற முக்கால் மணி நேரம்தான் அவருக்குப் படிக்கிற நேரம். வீட்டில் முடியாது என்றார். ஏன் என்று நாங்கள் கேட்கவில்லை. சீட்டில் உட்கார்ந்ததும் புத்தகத்தைத் திறப்பார். தன்னையறியாமல் முதல் தடவை எங்கே தலை நிமிர்கிறதோ, அந்த இடத்தின் பேரை அந்தப் பக்கத்து ஓரத்தில் பென்சிலால் பொடியாக எழுதுவார். அதுதான் மார்க்.

பாலக்கரையிலேயே நிமிர்ந்துவிட்டால் தேறாத புத்தகம். மெயின்கார்டு கேட் வரை இழுத்தால் பரவாயில்லை. சத்திரம் பஸ் ஸ்டாண்டின் அத்தனை கூச்சலிலும் குனிந்தே இருந்தால் அது பெரிய புத்தகம். அதற்கு மேல் மார்க் கிடையாது. ஏனென்றால் அடுத்தது காவிரிப் பாலம். பாலத்தில் அவர் நிமிர்ந்தே தீருவார்.

எங்களுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. பஸ் பாலத்தில் ஏறினால் தூங்குகிறவன்கூட முழித்து, ஆற்றில் தண்ணீரா மணலா என்று பார்க்கிற ஊர் இது.

அவருடைய நேர்மைதான் எங்களுக்குப் பெரிய தொந்தரவு. ஒரு மாதம் மார்க்கே சொல்லவில்லை. "அன்னிக்கு சீட் கிடைக்கலை சார். நின்னுக்கிட்டே படிச்சேன். கண்டக்டர் இடிச்சதுல நிமிர்ந்தேனா, கதையில நிமிர்ந்தேனான்னு தெரியலை. அடுத்த மாசம் உட்கார்ந்து படிச்சுட்டுச் சொல்றேன்" என்றார். எங்கள் குரூப்பில் உப்பிலியபுரத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிற விவசாயி ஒருத்தர் உண்டு. கதையை வீட்டுக்காரியிடம் சொல்லிப் பார்த்து, அந்தம்மா நடுவில் எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போகிறாரா என்பதை வைத்து மார்க் போடுகிறவர். அவரே அசந்துபோய், "அண்ணே, ஐகோர்ட்ல இவ்வளவு பாக்க மாட்டான்ணே" என்றார்.

ஒரு தடவை வெளியூர் எழுத்தாளர் ஒருவர் விருந்தினராக வந்தார். அவர் நாவலுக்கும் மெயின்கார்டு கேட்தான் கிடைத்தது. மனுஷருக்கு விஷயம் தெரியாது. பேரைக் கேட்டு, கோட்டை வாசலில் தன்னைக் கொண்டுபோய் நிறுத்திவிட்டதாக நினைத்து, எழுந்து கைகூப்பி நன்றி சொன்னார். நாங்கள் யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

என் கதைக்கு வருகிறேன். ஆமாம், நானும் ஒரு புத்தகம் போட்டேன். பதிமூணு சிறுகதைகள். முந்நூறு பிரதி அடித்து, இருநூற்று நாற்பது இன்னமும் என் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. கொசு மருந்து அடிக்கிற ஆள் வந்தால் அதைத்தான் முதலில் நகர்த்துவோம். குரூப்பில் எல்லோரும் அஞ்சுக்கு அஞ்சு போட்டார்கள். அட்மினாயிற்றே. அவருடைய முறை வந்தது.

"சொல்லுங்க மேடம், சத்திரமா?"

புத்தகத்தின் அட்டையை ஒரு தடவை தடவினார். அப்புறம் மெதுவாக, "பஸ் கிளம்பலை சார்" என்றார்.

சபை அடக்கிக்கொண்டு, அடக்க முடியாமல் சிரித்தது. நானும் சத்தமாகச் சிரித்தேன். வீட்டுக்குப் போய் ரெண்டு நாள் சாப்பாட்டில் உப்பு சரியில்லை என்று மனைவியிடம் சண்டை போட்டேன். "யாரோ உங்க புக்கைப் படிச்சுட்டாங்க போல" என்றாள் அவள்.

அந்தக் காந்தல் இருந்துகொண்டே இருந்தது. அடுத்த கூட்டத்தில் அவரைச் சீண்டினேன்.

"மேடம், எந்த புக்கா இருந்தாலும் பாலத்துல நிமிர்ந்துடறீங்க. நீங்க ஒரு நாள் பாக்கலைன்னா காவிரி வத்திடுமா?"

"பாலத்துல நிமிரணும் சார்."

"நிமிர மாட்டீங்க. நான் ஒரு புக் தர்றேன். பந்தயம். பாலத்துல நீங்க நிமிர்ந்தா என் மீசையை எடுத்துடறேன்."

எல்லோரும் ஓ என்று கத்தினார்கள். அவரும் சிரித்தார். அவர் பல் தெரியச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். நிமிருவேன் என்று சொல்லவில்லை, நிமிரணும் என்று சொன்னார். அந்த வித்தியாசம் என் மரமண்டையில் ஏறவில்லை. வெல்டிங்காக இருந்தால் கண்டுபிடித்திருப்பேன்.

புத்தகக் கண்காட்சியில் அட்டை நன்றாக இருக்கிறதே என்று வாங்கி, பிரிக்காமல் வைத்திருந்த ஒரு நாவலைக் கொடுத்தேன். நம் வழக்கப்படி பின் அட்டை மட்டும் படித்திருந்தேன். ரயில்வே கேட்கீப்பர் ஒருத்தர். அவர் வீட்டுப் பையன் ஒரு சாயங்காலம் வெளியே போகிறான், திரும்பவில்லை. தேடுகிறார்கள். "நாலே முக்கால் மேடம். படிச்சுட்டு மூணு நாள் எனக்குத் தூக்கம் இல்ல" என்றேன்.

அடுத்த மாதம் அவர் வரவில்லை. அதற்கு அடுத்த மாதமும் இல்லை. மூணாம் மாதம் வந்தார்.

"என்ன மேடம், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வீட்டுல கொஞ்சம் வேலை சார்."

அதே நாற்காலியில் உட்கார்ந்தார். போன் மடியில் இல்லை. பன்னிரண்டேகால் தாண்டியும் எழுந்திருக்கவில்லை. இதெல்லாம் அப்போது கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. கடைசியாக அவரைப் பேசச் சொன்னேன். எழுந்து நின்றார்.

"சார் கொடுத்த புத்தகம். பாலக்கரையில நிமிரலை. மெயின்கார்டு கேட்ல நிமிரலை. சத்திரத்துலயும் நிமிரலை."

எல்லோரும் நாற்காலி நுனிக்கு வந்தார்கள்.

"பாலம்?" என்றேன்.

"பாலத்துலயும் நிமிரலை சார். பாலம் போனதே தெரியலை. ஸ்ரீரங்கத்துல கண்டக்டர் வந்து, எறங்குங்கம்மா, வண்டி திரும்பணும்னார். எறங்கி, அங்கேயே ஒரு பெஞ்சுல உட்கார்ந்து மிச்சத்தையும் படிச்சேன். வெளிச்சம் போற வரைக்கும் படிச்சேன்."

கைதட்டல் என்றால் அப்படி ஒரு கைதட்டல். ஆரம்பித்து வைத்தது நான்தான். விசில்கூட அடித்தேன். மீசையை முறுக்கிக்கொண்டு சபையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். "மீசை தப்பிச்சுதுண்ணே!" என்று கத்தினார் உப்பிலியபுரத்துக்காரர். மேடம் மட்டும் நின்றபடியே, தட்டுகிற எங்கள் கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் ஓய்கிற வரை காத்திருந்தார்.

"ஒண்ணு கேக்கணும் சார். அதுக்காகத்தான் வந்தேன். இந்தக் காப்பியில கடைசிப் பதினாறு பக்கம் அச்சாகலை. வெள்ளையா இருக்கு. அந்தப் பையன் என்ன ஆனான்?"

பின்னாலிருந்து யாரோ, "வெள்ளைத் தாளுக்கு எப்படிண்ணே நாலே முக்கால்?" என்றார்கள். சிரிப்பு.

"நான் படிச்சது லைப்ரரி காப்பிப்பா. இது அப்புறமா வாங்கினது" என்றேன். பொய் சொல்லும்போது எனக்குத் தமிழ் தெளிவாக வரும்.

"அப்ப தெரியும்ல சார். என்ன ஆனான்?"

"வந்துடறான் மேடம்."

"வந்துடறானா?"

"வந்துடறான். கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நிக்கிறான். அப்பா பாக்கறார். கேட்டைத் தூக்கறார். சுபம்."

"எப்படி வந்தான்?"

"எப்படின்னா... வழி கேட்டுக் கேட்டு வந்துடறான்."

"ரோட்டுல எதுவும் அடிச்சுடலையா சார்?"

"சேச்சே! சின்னக் கீறல்கூட இல்ல மேடம். வேணும்னா ஒரு தேய்ஞ்ச செருப்பு."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் பையிலிருந்து அந்தக் கட்டைப் பென்சிலை எடுத்து, நின்றபடியே புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். "ரொம்ப நன்றி சார்" என்றார். படியிறங்கிப் போனார்.

அன்று சாயங்காலமே குரூப்பிலிருந்து விலகியிருந்தார். பட்டியலில் அவர் பேருக்கு நேரே முதல் தடவையாக 'ஸ்ரீரங்கம்' என்று போட்டு, பக்கத்தில் ரெண்டு பட்டாசுப் படமும் ஒட்டியிருந்தேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் விலகினாரா, தெரியாது.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, வருகைப் பதிவில் இருந்த விலாசத்தைத் தேடிக்கொண்டு போனேன். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதி. கீழே காபிப்பொடிக் கடை, மேலே வீடு. மாடிக் கதவில் பூட்டு. கடைக்காரரிடம் கேட்டேன். ஐம்பது வயது மனிதர். அரைக்கிற மெஷினை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்.

"நீங்க புத்தகக் குரூப்பு சாரா?"

"ஆமா. மேடம் இல்லையா?"

"மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டாங்க சார். தம்பி போனப்புறம் இங்க இருக்க முடியலைன்னாங்க."

"தம்பியா?"

அவர் என்னை உள்ளே ஸ்டூலில் உட்கார வைத்துச் சொன்னார். அந்த வீட்டில் இருந்தது அக்காவும் தம்பியும் மட்டும். தம்பிக்கு நாற்பது வயது, புத்தி ஏழெட்டு வயதோடு நின்றுவிட்டது. பகலில் ஒரு அம்மா வந்து பார்த்துக்கொள்வார், அஞ்சரைக்குப் போய்விடுவார், ஞாயிற்றுக்கிழமையானால் மத்தியானம் ஒரு மணிக்கே. அதற்கப்புறம் அவன் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அவனுக்கு எடுத்துப் பேசத் தெரியும், போடத் தெரியாது. பஸ் பாலத்தில் ஏறும்போது அக்கா கூப்பிடுவாள். "பாலத்துல இருக்கேன்டா, இதோ வந்துட்டேன்." தினம் அதே வார்த்தை. கேட்டதும் கீழே இறங்கி இந்தக் கடை வாசலில் நிற்பான். பத்து நிமிஷத்தில் அக்கா வந்துவிடுவாள்.

"அன்னிக்கு போன் வரலை சார். கீழ வந்து, அண்ணே, அக்கா பாலத்துலயே இருக்கா, நான் போய்க் கூட்டிட்டு வரேன்னான். இங்க மெஷின் ஓடிட்டிருக்கு. எனக்கு அக்கான்னு மட்டும்தான் காதுல விழுந்தது. சரி, போயிட்டு வாடான்னேன்." தராசுத் தட்டில் ஒட்டியிருந்த பொடியை விரலால் வழித்தார். "நான்தான் சார் சொன்னேன், போயிட்டு வான்னு."

மாம்பழச்சாலை தாண்டி, பாலம் ஏறுகிற இடத்தில் ரோட்டைக் கடந்தபோது ஒரு பைக் அடித்திருக்கிறது. பதினோரு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தானாம். நடுவில் ஒரு நாள் கண் விழித்து, 'அக்கா பாலத்துல இல்லையே' என்றானாம்.

அவன் பாலத்துக்கு நடந்த நேரத்தில் அக்கா டெர்மினஸ் பெஞ்சில் உட்கார்ந்து, நான் நாலே முக்கால் போட்ட புத்தகத்தைப் படித்துக்கொண்டிருந்தார். அதைச் சொல்லத்தான் அன்று எழுந்து நின்றார். நாங்கள் கைதட்டினோம்.

கடைக்காரர் உள்ளே போய் ஒரு பழுப்பு உறையை எடுத்து வந்தார். "புத்தகக்கார சார் வந்தா குடுங்க, வரலைன்னா பரவாயில்லைன்னாங்க. பாஞ்சு நாளா இங்கதான் இருக்கு. பொடி வாசனை ஏறியிருக்கும், தப்பா நினைச்சுக்காதீங்க."

எதையாவது சொல்ல வேண்டும் என்று நின்றேன். அரைக் கிலோ காபிப்பொடி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எங்கள் வீட்டில் யாரும் காபி குடிப்பதில்லை.

திரும்புகிற வழியில், ஜெயித்த பந்தயத்துக்கு மீசையை எடுக்கச் சொல்லி சலூனில் போய் உட்கார்ந்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். "ஏதாவது துக்கமா சார்?" என்றார் சலூன்காரர். "பந்தயம்" என்றேன். பஸ் ஏறி, ஜன்னல் சீட் பிடித்து, உறையைப் பிரித்தேன்.

அவர் சாதாரணமாக ஒரு புத்தகத்தில் ஓர் ஊர்ப்பேர்தான் எழுதுவார். இதில் ஓரங்களைப் புரட்டிக்கொண்டே போனேன், ஒன்றும் இல்லை. பாலக்கரை இல்லை, சத்திரம் இல்லை, பாலம் இல்லை. சுத்தமான பக்கங்கள். அச்சு முடிகிற பக்கத்தில் கேட்கீப்பர் இன்னும் தேடிக்கொண்டுதான் இருந்தார். வரி பாதியில் நின்றது. அதற்கப்புறம் வெள்ளை.

முதல் வெள்ளைப் பக்கத்தின் தலையில் பென்சில் எழுத்து. நான் சொன்னதுதான், அவர் கையெழுத்தில்: "வந்துவிடுகிறான். கேட்டுக்கு அந்தப் பக்கம் நிற்கிறான். அப்பா கேட்டைத் தூக்குகிறார். சின்னக் கீறல்கூட இல்லை."

அதற்கு நேரே, பக்கத்து ஓரத்தில், எப்போதும் எழுதுகிற அதே பொடி எழுத்து:

"பாலக்கரை."

என் பதிமூணு கதைக்கும் பஸ் கிளம்பவில்லை. இந்த ஒரு பொய்க்கு மட்டும், என்னோடு ஒரு ஸ்டாப் வந்திருக்கிறார்.

சிரிப்பு வந்தது. பக்கத்து சீட்டுக்காரர் திரும்பி என் முகத்தைப் பார்த்துவிட்டு, தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று தலையாட்டினேன். அதற்குள் பஸ் பாலத்தில் ஏறிவிட்டது. சொல்லிவைத்த மாதிரி எல்லோரும் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். யாரோ, "தண்ணி வந்துட்டாப்ல இருக்கே" என்றார்கள்.

நானும் நிமிர்ந்தேன். ஆற்றைப் பார்க்கவில்லை. பாலம் முடிகிற வரை, நடைபாதையில் போகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.